எறும்பு தின்ற சர்க்கரை!

100 பேரை வரிசையாக நிறுத்துங்கள். அவர்களில் 26 பேரைத் தனியே பிரித்து நிறுத்துங்கள். அந்த 26 பேருக்கும் நீரிழிவு நோய்!

கதையன்று இது, கற்பனையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடந்த பேராய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கு. 20 வயது நிரம்பியோரில், இந்தியா முழுமைக்கும் 11.4 விழுக்காடு, அண்டையிலுள்ள தமிழ்நாட்டுக்கு 14.4, நம் புதுவை மாநிலத்துக்கோ 26.3! கோவா ஒன்றுதான் நம்மை முந்தி நிற்கிறது. அதுவும் மயிரிழையில் — 26.4.

அந்தப் புதுவையின் ஒரு துண்டு காரைக்கால். காரைக்காலின் ஒரு மூலை நம் அம்பகரத்தூர். மகிடனைக் காளி வதைத்தாள் என்று கதை சொல்லி விழா எடுக்கும் ஊர். ஆண்டுதோறும் அரக்கன் அழிகிறான். ஆண்டுதோறும் மேளம் முழங்குகிறது. ஆனால் ஓசையின்றி வீட்டுக்குள் நுழைந்து, கண்ணொளியைப் பறித்து, சிறுநீரகத்தை அரித்து, கால்விரலை அழுகவைக்கும் இந்தப் புதிய அரக்கன் அழிந்தபாடில்லை. அழியவில்லையே, ஏன்? அவனை எதிர்க்கப் புறப்பட்ட நம் மக்கள் கையில் எடுத்த படைக்கலம் எது தெரியுமா, தோழர்களே? ரவையும் சர்க்கரையும்!

ஆம்! தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் கோயில்வெண்ணி என்றோர் ஊர். வரலாறு அறிந்தோர் அப்பெயரைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்வர். கரிகாலன் பகைவரை முறியடித்த வெண்ணிப் போர்க்களம் அது. புறப்புண் பட்டதற்கு நாணிச் சேரன் வடக்கிருந்து உயிர்நீத்த மானத்தின் மண். அந்த மாற்றானின் மானத்தைப் போற்றிப் பாடிய வெண்ணிக் குயத்தியார் — குயவர் குடிப்பிறந்த பெண்பாற் புலவர் — வாழ்ந்த ஊர். ஆனால் இன்று அங்கே செல்லும் கூட்டம் கரிகாலனைத் தேடிச் செல்லவில்லை. குயத்தியாரையும் தேடிச் செல்லவில்லை. கையிலே பொட்டலம் — ரவையும் சர்க்கரையும் கலந்த பொட்டலம்! அங்குள்ள கடவுளின் பெயர் கரும்பேசுவரர். கரும்பு இனிப்பு, நோயும் இனிப்பு நோய், ஆகவே கரும்பின் ஆண்டவன் இனிப்பு நோயைத் தீர்ப்பான் — இதுதான் அங்கே வழங்கும் மருத்துவ நூல்! ரவையையும் சர்க்கரையையும் கோயிலில் தூவவேண்டும். எறும்பு வந்து சர்க்கரையைத் தின்னவேண்டும். எறும்பு தின்றால், தூவியவர் உடலிலுள்ள சர்க்கரை குறைந்ததாம்!

எறும்பு சர்க்கரையைத் தின்னாமல் வேறெதைத் தின்னும், தோழர்களே? கொட்டிய இடம் கோயிலானால் என்ன, கொல்லைப்புறமானால் என்ன — எறும்பு வரும், எடுக்கும், புற்றுக்குப் போகும். அதற்குப் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. பசி மட்டுமே உண்டு. அது தின்றது தரையிலே கிடந்த சர்க்கரையை. இரத்தத்திலே கிடக்கும் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. திரும்பி வரும் பேருந்திலும் கூடவே வருகிறது!

இதிலே இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இந்த எறும்புக்கும் இந்த நோய்க்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு. பண்டை நாளில், குடுவையும் இல்லை, குருதி ஆய்வும் இல்லை. அந்நாளிலேயே இந்நாட்டு மருத்துவர்கள் ஒன்றைக் கண்டார்கள். சிலருடைய சிறுநீரை எறும்பு மொய்க்கிறது. ஏன் மொய்க்கிறது என்று எண்ணினார்கள். இனிப்பு இருப்பதால் மொய்க்கிறது என்று துணிந்தார்கள். மதுமேகம் — தேனொத்த நீர் — என்று நோய்க்குப் பெயரிட்டார்கள். பின்னர் 1776-இல், இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் மாத்யூ டாப்சன் என்னும் மருத்துவர் அத்தகைய நீரை வற்றவைத்து, அடியிலே படிந்த வெண்பொருளைக் கண்டு, சர்க்கரைதான் என்று மெய்ப்பித்தார். எறும்பைக் கண்டு எண்ணினான் அன்றைய மருத்துவன். எறும்பைக் கண்டு கும்பிடுகிறான் இன்றைய பட்டதாரி! எது பழமை? எது புதுமை? நாம் முன்னேறியிருக்கிறோமா, பின்னேறியிருக்கிறோமா?

"கும்பிட்டவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதே" என்று கேட்பார் உண்டு. குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை நாம். சர்க்கரை அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. உண்டால் ஏறும், நடந்தால் இறங்கும். கோயிலுக்குப் போகும் நாளில் பாதி நாள் பட்டினி. பிராகாரம் சுற்றிய நடை. போகும்போது மறவாமல் விழுங்கிய மாத்திரை. இறக்கியது நடையும் பட்டினியும் மாத்திரையும். பெயர் மட்டும் கரும்பேசுவரருக்கு! தாயத்து, ஓதிய நீர், புனித எண்ணெய் — எந்த மதத்தின் எந்தப் பொருளாயினும் கணக்கு இதே கணக்குத்தான்.

"கோயிலை நாங்களும் நம்பவில்லை, நாங்கள் இயற்கையை நம்புகிறோம்" என்று கூறும் நண்பர்களும் உளர். அவர்களில் நம் கருத்துக்கு உடன்பட்டோரே பலர் என்பதுதான் வேதனை. சாமியை விட்டார்கள், ஆவாரம்பூவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழி ஒன்று கையிலே. பழமொழி கேட்டதற்கு மறுமொழி சொல்கிறோம்: கண்டதுண்டு! ஆவாரை பூத்துக் குலுங்கிய காலத்தில்தான் இந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் முப்பதைச் சுற்றி நின்றது. நாடு விடுதலை பெற்ற 1947-இலும் அது 32-ஐச் சுற்றியே இருந்தது. ஆவாரை பூத்தது, அம்மை வந்தது, வாந்திபேதி வந்தது, மக்கள் மாண்டனர். ஆவாரை அப்போதும் பூத்துக்கொண்டுதான் இருந்தது!

"பாட்டன் பூட்டன் மாத்திரை தின்றார்களா?" என்பது அடுத்த வினா. தின்னவில்லை. ஏர் பிடித்தார்கள், காத வழி நடந்தார்கள், அரைவயிறு உண்டார்கள். அப்படியும் நோய் வந்தவர், இன்ன நோய் என்று அறியாமலே, "உருகிப் போனார்" என்ற ஒரு சொல்லோடு சுடுகாடு போனார். பெயர் தெரியாமல் செத்ததனால் நோயே இல்லை என்று ஆகிவிடுமா?

உணவு ஒன்றினாலேயே நீரிழிவை ஆளமுடியுமா என்ற சோதனையை வரலாறு முன்பே நடத்திப் பார்த்துவிட்டது. நம் உடலிலே வயிற்றுக்குப் பின்னே கணையம் என்னும் உறுப்பு. அது சுரக்கும் நீர் இன்சுலின். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் ஓடும். இன்சுலின் கதவு திறந்தால்தான் அது உயிரணுவுக்குள் நுழைந்து வலிமையாகும். சிலருக்கு — பெரும்பாலும் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் — அந்தச் சுரப்பு அறவே நின்றுபோகிறது. இது முதல் வகை. பலருக்குச் சுரப்பு இருந்தும் போதவில்லை, அல்லது பயன்படவில்லை. இது இரண்டாம் வகை.

இன்சுலின் கண்டறியப்படாத நாளில், முதல் வகை நோய் வந்த பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் அறிந்த ஒரே வழி உணவுக் கட்டுப்பாடு. அமெரிக்காவிலே பிரடெரிக் ஆலன் என்பார் அதனை மிகக் கடுமையாக நடத்தினார். சோறில்லை, ரொட்டியில்லை, வேகவைத்த கீரை சிறிது, முட்டை சிறிது. பிள்ளைகள் எலும்புக்கூடாக வற்றினார்கள். நாள்கள் நீண்டன; உயிர் நிலைக்கவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவமனையில், மிகச் சிறந்த மருத்துவர் அளந்து கொடுத்த "பத்தியம்" செய்ய முடிந்தது அவ்வளவே!

1921-இல் கனடாவின் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் கிடந்த சிறுவன் எழுந்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டவர்கள் அதனை வைத்துக் கோடி கோடியாய்ச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு, 1923-இல் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உண்டியல் வைக்கவில்லை, திருநாமம் சூட்டவில்லை, தலபுராணம் எழுதவில்லை! எவனுக்குக் கோயில் கட்டவேண்டும் என்று கேட்டால், கட்டவேண்டாம் என்றே சொல்வோம். நன்றியோடு நினைத்தால் போதும்.

அந்த மருந்தை இன்று நிறுத்தச் சொல்கிறானே ஒருவன், அவனை என்னென்பது? இங்கிலாந்திலே நடந்தது. 2016-இல், வில்ட்ஷயர் என்னும் பகுதியில், உடம்பைக் கையால் அறைந்தால் நோய் வெளியேறும் என்று பயிற்சி முகாம் நடத்தினான் ஒரு "இயற்கை மருத்துவன்". முதல் வகை நீரிழிவுடைய 71 வயது அம்மையார் ஒருவர் அவனை நம்பி இன்சுலினை நிறுத்தினார். நான்காம் நாள் மாண்டார். 2024-இல் அந்நாட்டு நீதிமன்றம் அவனுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. படித்த நாடு, பணக்கார நாடு. அங்கேயே இந்தக் கொடுமை. நம் நாட்டில் ஊர்தோறும் மூலிகை மூட்டையோடு வந்திறங்கி, "48 நாள் குடியுங்கள், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று கூவிச் செல்பவனுக்கு என்ன தண்டனை? மாலையும் மரியாதையும்!

நம் தெருவிலேயே ஒருவர். வயலில் வெறுங்காலோடு உழைப்பவர். அப்படியொருவன் பேச்சைக் கேட்டு ஒரு மண்டலம் கஷாயம் குடித்தார், மாத்திரையை நிறுத்தினார். உணர்ச்சி மரத்த காலில் முள் தைத்தது தெரியவில்லை. தெரிந்தபோது புண் எலும்பைத் தொட்டிருந்தது. இரண்டு விரல்கள் போயின. மூலிகைக்காரன் அதற்குள் அடுத்த ஊரில் கடை விரித்திருந்தான். விரலுக்கு விலை எவன் தருவான்?

"அப்படியானால் மூலிகையிலே ஒன்றுமே இல்லையா? தமிழ் மருத்துவத்தைத் தமிழனே பழிப்பதா?" என்று சீறுவோரும் உண்டு. பழிக்கவில்லை, நண்பரே! ஆராயச் சொல்கிறோம். 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் நோயின் காரணத்தை ஆராய்ந்து செய்யுமாறுதான் அதில் கூறினாரேயன்றி, கூவி விற்பவனிடம் வாங்கிக் குடிக்குமாறு கூறவில்லை. வாருங்கள், ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்று இதற்குப் பெயர். இதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலாய் இருக்கும். உடனே, "பார், சர்க்கரையைக் கொன்றுவிட்டது!" என்பான் விற்பவன். கொன்றது சர்க்கரையையன்று, நாவின் சுவையுணர்வைச் சற்று நேரம் மறைத்தது, அவ்வளவே. நாவை ஏமாற்றலாம், இரத்தத்தை ஏமாற்ற முடியுமா?

பாகற்காய். கசப்பு இனிப்புக்கு எதிரி. ஆகவே பாகல் நீரிழிவுக்கு எதிரி என்பது வாதம். சுவைக்குச் சுவை போரிடுமென்றால், கண் சிவந்தவனுக்குப் பச்சை மிளகாயைப் பிழிந்துவிடலாமே! உலக ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் பாகலைப் பற்றிய ஆய்வுகளை எடைபோட்டது. நீரிழிவுக்கு மருந்தென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. கறியாக உண்ணுங்கள், நல்ல காய்தான். மருந்தாக நம்பாதீர்கள்.

வெந்தயம். இதற்கு ஓரளவு சான்று உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆய்ந்திருக்கிறார்கள். அதன் நார்ச்சத்து, உண்ட உணவு சர்க்கரையாய் இரத்தத்தில் கலக்கும் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. நன்று, சேர்த்துக்கொள்வோம். ஆனால் துணைக்கு வந்தவனைப் படைத்தலைவன் ஆக்காதீர்கள்.

வேங்கை மரக் குவளை. இரவிலே நீரூற்றி, காலையிலே நிறம் மாறிய நீரைக் குடிக்கவேண்டுமாம். மாறியது நீரின் நிறம், மாறாதது நோய், மறைந்தது பணம்!

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன். "வெள்ளைச் சர்க்கரைதான் நஞ்சு; இவை இயற்கை" என்று சொல்லிக் கருப்பட்டிக் காப்பியை இருவேளையும் குடிப்போர் எத்தனை பேர்! நிறம் கறுத்தால் குணம் மாறுமா? பனையில் வந்தாலும், கரும்பில் வந்தாலும், தேனீ கொணர்ந்தாலும், உள்ளே போனால் எல்லாம் சர்க்கரையே. நீரிழிவுக்காரருக்கு இவற்றில் உயர்வு தாழ்வு இல்லை. அளவு ஒன்றே உண்டு.

இயற்கை, இயற்கை என்கிறீர்களே — அரளி விதை இயற்கை இல்லையா? எருக்கம்பால் இயற்கை இல்லையா? இயற்கை என்பது நற்சான்று ஆகாது. ஆராய்ச்சி ஒன்றே சான்று. அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஐரோப்பாவிலே காலெகா என்றொரு செடி. நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக அங்கே வழங்கி வந்தது. அறிவியலார் அதனைப் பழமை என்று தள்ளவில்லை. பெருமை என்று கும்பிடவும் இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் பொருள் அதில் எது என்று பார்த்தார்கள். அது நஞ்சுடையது என்று கண்டார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த பொருள்களை ஆய்வுக் கூடத்தில் ஆக்கினார்கள். 1957-இல், பாரிசு நகரத்து மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆய்ந்த முடிவை வெளியிட்டார். அதுதான் மெட்பார்மின் — இன்று காரைக்கால் மருந்துக் கடையிலே சில காசுக்குக் கிடைக்கும் மாத்திரை! பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போனது 1954-இல். மூன்றாண்டு கழித்து அவன் நாட்டிலிருந்து வந்த இந்த நன்மையை மட்டும் "வெளிநாட்டு நஞ்சு" என்கிறோம். அவனும் இலையிலேதான் தொடங்கினான். இலையோடு அவன் நிற்கவில்லை; நாம் இலையோடு நின்றுவிட்டோம். வேறுபாடு அவ்வளவே!

"மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்ற அச்சம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது எது? ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தேங்கும் சர்க்கரை! பிரிட்டனில் இருபதாண்டுகள் நடந்த பேராய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. மருந்து கொண்டு சர்க்கரையைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தியவர்க்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் 25 விழுக்காடு குறைந்தன. மாத்திரையை முறையாகத் தின்ற பலர் நலமாயிருக்கிறார்கள். நலமாய் இருப்பவனைப் பற்றி எவன் பேசுகிறான்? நிறுத்தியவன் மருத்துவமனைக்குப் போகும்போது, முன்பு எப்போதோ தின்ற மாத்திரையின்மேல் பழி!

இந்த மடமை தானாக முளைத்ததன்று, வளர்க்கிறவன் இருக்கிறான். நீரிழிவைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் அது. அதன் அட்டவணையில் நீரிழிவு பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்துக்கு எழுபது வயது கடந்துவிட்டது. விளம்பரத்துக்கோ என்றும் பதினாறு! இந்திய மருத்துவச் சங்கம் 2022-இல் வழக்குத் தொடுத்து, உச்ச நீதிமன்றம் கண்டித்த பின்னரே, 2024-இல் பதஞ்சலி நிறுவனம் நாளேடுகளில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது. காவியுடுத்தி விற்றால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று எண்ணியிருந்தார்கள். நீதிமன்றம் திறந்து பார்த்தது. ஆனால் ஊர்ச் சந்தையில் விற்பவனையும், கைப்பேசிக்குள் நுழைந்து கூவுபவனையும் பார்க்க எத்தனை நீதிமன்றம் வேண்டும்? அதைப் பார்க்கவேண்டிய கண் நம்முடைய கண்தான்.

வீட்டிலே செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையோ என்று ஐயுற வேண்டா. உண்டு, மிகப்பெரிது உண்டு! நீரிழிவை ஆளும் இடம் மருத்துவமனையைக் காட்டிலும் வீடுதான்; அடுப்படிதான். சென்னையிலே 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன் காலந்தொட்டு, தமிழகத்து மருத்துவர்கள் இதனையே சொல்லி வருகிறார்கள். 2006-இல் வெளியான இந்திய ஆய்வொன்று 531 பேரைச் சேர்த்தது. நோய் வரும் நிலையில் இருந்தவர்கள் அவர்கள். வெறுமனே விடப்பட்டவரில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டில் நோயாளியாயினர். உணவைத் திருத்தி நடைப்பயிற்சி செய்தவரில் அது 39 விழுக்காடு. பிரிட்டனில் 2017-இல் வெளியான ஆய்விலே, நோய் வந்து ஆறாண்டுக்குட்பட்ட, இன்சுலின் தேவைப்படாத இரண்டாம் வகையினர் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தனர்; அவரில் 46 விழுக்காட்டினர்க்கு ஓராண்டு முடிவில் மருந்தின்றியே சர்க்கரை அடங்கியிருந்தது. எடை திரும்பியவர்க்கு நோயும் திரும்பிற்று. இவை உணவின் வெற்றி. ஆனால் கவனியுங்கள்: அளந்து உண்டார்கள், அளந்து பார்த்தார்கள், மருந்தை நிறுத்தியது மருத்துவர், மூலிகைக்காரன் அல்லன்!

நம் தட்டைப் பாருங்கள். காலையில் இட்டலி, அரிசி. நண்பகலில் சோறு, அரிசி. இரவிலே தோசை, அரிசி. விருந்து வந்தால் பாயசம், அதிலும் அரிசி! இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்து என்று 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நெல் விளையும் மண்ணில் பிறந்தோம், நெல்லைப் பழிக்கவில்லை. ஆனால் ஏர் பிடித்த பாட்டன் உண்ட குவியலை, நாற்காலியில் அமர்ந்த பேரனும் உண்ண வேண்டுமா? சோற்றைப் பாதியாக்குங்கள். தட்டில் பாதி கீரையும் காயும். கால் பங்கு பயறு, மீன், முட்டை. எஞ்சிய கால் பங்கே சோறு. இதற்குப் பட்டணத்துக் கடையைத் தேட வேண்டுவதில்லை. சம்பா அறுத்த நிலத்திலே உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. கடல் நமக்கு அருகே. மத்தியும் நெத்திலியும் ஏழைக்கு எட்டும் விலையில் வருகின்றன. கேழ்வரகைச் சொல்வார்கள், நன்று. ஆனால் அரிசியை விட்டுக் கேழ்வரகுக் கூழைக் குண்டான் குண்டானாகக் குடித்தால் அதுவும் மாவுதான்!

ஒன்றை மறவாதீர்கள். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாய்க் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் தம் விருப்பப்படி சோற்றைத் துறந்து பட்டினி கிடந்தால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், நினைவு தடுமாறும். அந்நேரம் உயிர் காப்பது அதே சர்க்கரைதான். ஒரு பிடி வாயிலிட வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டோட வேண்டும். விரதமும் உபவாசமும் இவர்க்கு விளையாட்டல்ல.

வீட்டு வைத்தியம் என்று பேசும்போது, வீட்டிலே யார் இருக்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா? எல்லாரும் உண்டபின் அடிச்சட்டியில் ஒட்டிய சோற்றைக் குழம்பு நீரில் பிசைந்து உண்பவள் தாய். மீன் துண்டு கணவனுக்கு, முட்டை மகனுக்கு, மிச்சச் சோறு அவளுக்கு. அவளுக்குப் "பத்தியம் இரு" என்றால், அவள் இருப்பாள் — பட்டினி! மாலையில் நடக்கச் சொன்னால், "பொம்பளை தெருவிலே எதற்கு நடக்கிறாள்?" என்று கேட்கும் ஊர். அப்படிக் கேட்கும் வாயை அடைப்பதும் நீரிழிவுக்கு மருந்துதான்! வெந்தயத்தை ஊறவைக்கும் வேலையை அவளிடம் தந்தோம். பயறையும் மீனையும் அவள் தட்டில் வைக்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்.

மக்கள் ஏன் எறும்பையும் இலையையும் தேடுகிறார்கள்? மடமை ஒன்றே காரணமென்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. வாழ்நாள் முழுதும் மருந்து என்றால் நெஞ்சு நடுங்குகிறது. "48 நாளில் தீரும்" என்ற பொய் அந்த நடுக்கத்துக்கு ஆறுதலாய் இருக்கிறது. அந்த நடுக்கத்தைப் பொய்யர்கள் காசாக்குகிறார்கள். ஆகவே பொய்யை மறுப்பது பாதி வேலை; மெய்யை வீட்டுக்கு அருகே கொண்டு வருவது மறுபாதி. தமிழ்நாட்டிலே 2021 ஆகத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, நீரிழிவு மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தார்கள். அதுபோல நம் காரைக்கால் சிற்றூர்களிலும் ஒவ்வொரு வீட்டு வாயிலுக்கும் மருந்தும் ஆய்வும் வரவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்போம், கேட்டுப் பெறுவோம்!

இளைஞர்காள்! பள்ளியிலே பாடம் சொல்லும் நாமும், படிக்கும் நீங்களும் செய்யத்தக்கவை இவை. ஒவ்வொரு தெருவிலும், முப்பது வயது கடந்தோர் அனைவரையும் ஒருமுறையேனும் இரத்த ஆய்வுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். வயலில் இறங்கும் நீரிழிவுக்காரர் ஒவ்வொரு மாலையும் கால் அடியைப் பார்க்கட்டும். தம்மால் இயலாவிடில் பேரன் பார்க்கட்டும். மூலிகை மூட்டையோடு ஊருக்குள் வருபவனிடம் மூன்று வினா கேளுங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தாய்? எவரோடு ஒப்பிட்டாய்? எங்கே வெளியிட்டாய்? மூன்றாம் வினாவுக்குள் அவன் மூட்டையைக் கட்டிவிடுவான்!

கசப்பு மருந்தைச் சொல்கிறோமென்று எவரேனும் முகம் சுளித்தால், சுளிக்கட்டும். இனிப்பான பொய்யைத் தின்று இளைத்தது போதும். நோயை அளந்து பார், மருந்தை முறையோடு கொள், உணவை அறிவோடு உண், நாளும் நட. வெண்ணிக்குப் போவோரே, போங்கள்! கரிகாலன் வென்ற களத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குயத்தியாரின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கையிலுள்ள பொட்டலத்தை மட்டும் வழியிலேயே விட்டுவிடுங்கள். எறும்புக்குப் பசியாறும், உங்களுக்கு அறிவு விடியும்!